மாத்திரைத் தட்டு

வெயிலுமுத்து குழாய்க்குள் எச்சிலைத் துப்பினார். சோதனைப் பெட்டி சற்று நேரம் முனகிவிட்டு, அடிவாய் வழியாகப் பச்சை மாத்திரை அட்டை ஒன்றைத் துப்பியது.

“மிஷின் கெட்டுப்போச்சு தாயி. இன்னொருக்கப் பாரு” என்றார்.

செண்பகம் இன்னொரு முறை பார்த்தாள். மறுபடியும் பச்சைதான். கரிசலூர் அரசு சுகாதார நிலையத்தின் மருந்தாளுநர் அவள். அவருடைய கூடப்பிறந்த தங்கையும் அவள்தான். அதனால்தான் அவர் மதியச் சாப்பாட்டு வேளையில், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருந்தார். அவள் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“அண்ணே, வருசக்கணக்கா நீல மாத்திரை முழுங்குறீக. பிரஷர் இப்பவும் இருநூறுல நிக்குது. உங்க ஒடம்பு நீலத்துக்குக் கேக்கல. பச்சைக்குத்தான் கேக்கும். பெட்டி அதைத்தான் சொல்லுது.”

“நம்மய்யா நீலம். பெரியய்யா நீலம். மேலத்தெரு மொத்தமும் நீலம். எனக்கு மட்டும் பச்சைன்னா என்னத்தா அர்த்தம்? ஊருக்குள்ள என்ன பேசுவான்? செத்துப்போன நம்ம ஆத்தாளைப் பத்திப் பேசுவான்.”

“நம்மய்யா நீலத்தைச் சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் கையும் காலும் வராமக் கட்டில்ல கெடந்தாரு. மறந்துட்டீகளா?”

அவர் பிடரியைத் தடவிக்கொண்டார். கொஞ்ச நாளாக அந்த இடத்தில் ஓயாத வலி. பாகுச் சட்டிக்கு முன்னால் நின்றபோது மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியதாக மதினி தங்கபுஷ்பம் வந்து அழுத பிறகுதான் செண்பகம் அவரை வம்படியாக இங்கே வரவழைத்திருந்தாள்.

“இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திராத தாயி” என்றார் திடீரென்று. குரல் இறங்கிவிட்டது. “ஒன் காலைப் பிடிச்சுக் கேக்கேன். அடுத்த மாசம் எம் மக மகிழினிக்கு நிச்சயம். ராஜபாளையத்துக்காரக கேட்ட மொதக் கேள்வியே என்ன நிறம்னுதான்.”

வெயிலுமுத்து கடலைமிட்டாய் என்றால் நாலு ஊருக்குத் தெரியும். அந்தப் பாகைக் கிண்டிக் கிண்டித்தான் தகப்பனுக்குத் தகப்பனாக நின்று தங்கையை மருந்தியல் படிக்க வைத்தார். யாரிடமும் கைகட்டி நிற்காத அந்த மனுசன் தன் முன்னால் கூனி உட்கார்ந்திருப்பதை அவளால் பார்க்க முடியவில்லை. பதிவு செய்யும் பொத்தானில் வைத்த விரலை எடுத்துவிட்டாள். அரசாங்கக் கணக்கில் அண்ணன் நீலமாகவே இருந்தார்.

பச்சை அட்டையை மேசையிலேயே விட்டுவிட்டு, சட்டைப் பையில் இருந்த நீல அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

இந்த நிறக் கூத்து எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும். ரத்தக்கொதிப்பு மருந்து எல்லோருக்கும் ஒன்றுபோல் கேட்காது. ஒரு கூட்டத்தாரில் முக்கால்வாசிப் பேரைக் காப்பாற்றும் மாத்திரை இன்னொரு கூட்டத்தாருக்கு வெறும் சுண்ணாம்புக் கட்டி. அரசாங்கம் சீர்மருந்துத் திட்டம் கொண்டுவந்த காலத்தில் ஒவ்வொரு ஆளாகச் சோதிக்க வழியில்லை. என்ன செய்தார்கள்? சாதிச் சான்றிதழைப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் அதிகம் பேருக்கு எது கேட்கிறதோ, அதையே அத்தனை பேருக்கும் எழுதிக் கொடுத்தார்கள். மருந்து மாறிப்போகக் கூடாதென்று நிறமும் பூசினார்கள். கரிசலூர் மேலத்தெருவுக்கு நீலம் வந்தது, கீழத்தெருவுக்குப் பச்சை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதைப் படித்தவர்கள் கூட்டம் போட்டுச் செய்தார்கள்.

சும்மாவே ஆடுகிற ஊர் இது. கையில் சலங்கையும் கொடுத்தால் கேட்கவா வேண்டும்? மேலத்தெரு இளவட்டங்கள் பைக்குக்கு நீலம் அடித்தார்கள். பிரஷர் இல்லாதவன்கூடச் சட்டைப் பையில் நீல அட்டை வெளியே தெரிய வைத்துக்கொண்டு திரிந்தான். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்துக்கு முன்னால் நிறம் கேட்டார்கள். போதாக்குறைக்குப் புதிதாக ஒரு சடங்கு முளைத்தது. அதற்குப் பேர் மாத்திரைத் தட்டு. நிச்சயதார்த்தத்தில் சாப்பாடு முடிந்ததும், தாம்பூலம் மாற்றுவதற்கு முன்னால், இரு வீட்டுப் பெரியவர்களும் எதிரெதிரே உட்கார வேண்டும். வெள்ளித் தட்டில் அவரவர் மாத்திரையை எடுத்து வைத்து, சபை பார்க்க விழுங்க வேண்டும். அதன் பிறகுதான் வெற்றிலை, பேச்சு எல்லாம்.

ஆளாளுக்கு எச்சிலைச் சோதித்துச் சரியான மருந்து சொல்லும் பெட்டி போன வருசம்தான் வந்தது. அப்போதுதான் குட்டு உடைந்தது. கூட்டத்துக்குப் பொதுவாகப் பார்த்தது ஒவ்வொரு உடம்புக்கும் பொருந்தவில்லை. மேலத்தெருவில் பிறந்தவன் உடம்பு பச்சை கேட்கும். கீழத்தெருவில் பிறந்தவள் உடம்பு நீலம் கேட்கும். பக்கத்து ஊர்களில் இந்தக் கதை கசிந்ததும், அண்ணன் வரும்வரை மேலத்தெருக்காரர் ஒருவர்கூடப் பெட்டிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அந்தத் தெருப் பெரியவர்களுக்கு இப்போதெல்லாம் மதுரையில் அடிக்கடி வேலை இருந்தது. கண் ஆஸ்பத்திரி என்றார்கள், வக்கீல் என்றார்கள். செண்பகம் அதை யோசிக்கவில்லை.

அவளுக்கு யோசனை வேறு பக்கமிருந்து வந்தது. கீழத்தெரு சொர்ணம், தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறவள், அண்ணன் வந்துபோய் இரண்டு நாள் கழித்து மருந்து ஜன்னலுக்கு வந்து நின்றாள். அவள் புருசனுக்குப் பெட்டி நீலம் கொடுத்திருந்தது. டீக்கடையில் குனிந்தபோது அட்டை பையிலிருந்து விழுந்துவிட, “உனக்கு நீலம் கேக்குதோ?” என்று மேலத்தெருப் பயல்கள் நாலைந்து பேர் சேர்ந்து கையை ஒடித்துவிட்டார்கள்.

“அவரு இனி நீலத்தைத் தொடவே மாட்டேங்காரும்மா” என்றாள் சொர்ணம். “தலை சுத்திப் படுத்தே கெடக்காரு. நீங்க ஒண்ணு செய்யணும். மாத்திரை எதுவா வேணா இருந்துட்டுப் போகுது. மேல மட்டும் பச்சையாப் பூசித் தந்துருங்க.”

“இதென்ன கோலப்பொடியா பூசுறதுக்கு? என் வேலை போயிரும்.”

“வேலைதானம்மா போகும்” என்றாள் சொர்ணம். கோபமாகச் சொல்லவில்லை. அது செண்பகத்தை இன்னும் சுட்டது.

அன்று அவள் மாத்திரை பூசினாள். மிட்டாய்க்குப் போடுகிற கலர்ப்பொடியைத் தண்ணீரில் குழைத்து, மாத்திரைகளை ஒரு டப்பாவில் போட்டு உருட்டி, ஈரம் உலர வைத்தாள். நீலம் பச்சையாகிவிட்டது. சொர்ணம் அதை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். முடிச்சைப் பார்த்துக்கொண்டே நின்ற செண்பகத்துக்குச் சட்டென்று அண்ணன் ஞாபகம் வந்தது. பச்சையை நீலமாக்கினால் என்ன?

நீலக் கலருக்குப் பஜாரில் மூன்று கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது.

“நீலம் மட்டும் நிக்கவே மாட்டேங்குதுக்கா” என்றார் கடைசிக் கடைக்காரர், மேல் தட்டில் துழாவிக்கொண்டே. “போன வருசம் வரைக்கும் சீண்ட ஆள் கெடையாது. இப்ப வர்றவுக எல்லாம் நீலம் நீலம்ங்காக. நீல லட்டை எவன் திங்கான்னு எனக்குத் தெரியல.”

அவள் சிரித்துவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது.

“இது புது நீலம் அண்ணே” என்று டப்பாவை நீட்டினாள். “வீரியம் கூட்டி வந்திருக்கு. அட்டையில வராது, டப்பாவுலதான் வரும். போட்டதும் வெத்தலை ஒண்ணு மென்னுருங்க. வயித்துக்கு நல்லது.”

வெற்றிலை வயிற்றுக்காக அல்ல. நிஜமான நீலத்தில் நிறம் மாத்திரையோடு சேர்ந்து இறுகியிருக்கும், நாக்கில் ஒட்டாது. பூசின நீலம் எச்சில் பட்டதும் நாக்கெல்லாம் ஊறிவிடும். வெற்றிலைச் சிவப்பு ஏறினால் அது மறைந்துவிடும்.

மருந்து கேட்டது. இரண்டாவது வாரத்தில் பிரஷர் நூற்றைம்பதுக்கு இறங்கியது. பிடரி வலி போய்விட்டது என்று அண்ணன் சொன்னபோது செண்பகத்துக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம்போல் இருந்தது. “பாத்தியா, நம்ம நீலம் நம்மளைக் கைவிடுமா?” என்று அவர் மீசையைத் தடவினார்.  தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பிரஷர் பார்க்க அவர் கையில் பட்டை கட்ட விடவே இல்லை. நிச்சய வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்றார். சமையல்காரரைப் பார்க்கப் போகிறேன் என்றார். டப்பாவில் மாத்திரை குறைந்துகொண்டேதான் வந்தது. அதைத் திறந்து பார்த்து அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் அவர் பழையபடி பிடரிக்குக் கையைக் கொண்டுபோவதுபோல் ஒருநாள் தோன்றியது. கேட்டதற்கு, “தலகாணி சரியில்ல” என்றார்.

நிச்சயத்தன்று கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் கோமதிநாயகம் ராஜபாளையத்தில் பருத்தி மில் வைத்திருப்பவர். ஆஜானுபாகுவான ஆள், கணீரென்ற குரல். அவர் பேசினால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். சாப்பாட்டுப் பந்தியில் அவர் வெயிலுமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நிறம் தப்பாத குடும்பம்னு விசாரிச்சுத்தான் சம்பந்தி வந்தோம்” என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். அண்ணன் முகம் பூரித்துப்போனதைச் செண்பகம் பெண்கள் வரிசையிலிருந்து பார்த்தாள்.  நாக்கு நீலம் யார் கண்ணிலாவது பட்டுவிட்டால்? மாத்திரை போட்டதும் வெற்றிலை வாய்க்குப் போய்விட வேண்டும். வெற்றிலைத் தட்டை அவளே கொண்டுபோய் அவர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

வெள்ளித் தட்டு வந்தது. இரண்டு பக்கமும் பெரியவர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராகச் சட்டைப் பையிலிருந்து நீல மாத்திரையை எடுத்துத் தட்டில் வைத்தார்கள். கொட்டுமேளம் நின்றது. அத்தனை பேரும் ஒன்றாக எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்கள். குடித்த கையோடு அத்தனை கைகளும் வெற்றிலைத் தட்டுக்குப் பாய்ந்தன.

“மாமா, மாமா! வெத்தலையை அப்புறம் போடுங்க” என்று குறுக்கே வந்து நின்றான் போட்டோக்காரன். “பல்லு செவந்துட்டா படத்துல நல்லா இருக்காது. எல்லாரும் இங்கிட்டுப் பாத்து நல்லா வாய்விட்டுச் சிரிங்க பாப்போம்!”

கைகள் அப்படியே நின்றன. செண்பகம் ஓர் அடி முன்னால் வந்தாள். அட கடவுளே, அண்ணன் வாயைத் திறக்கப் போகிறார்!

“சிரிங்க மாமா, என்ன எழவு வீட்டுல இருக்குறமாரி இருக்கீக?”

பெரியவர்கள் சிரித்தார்கள். உதட்டை இறுக மூடிக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். கோமதிநாயகம் கன்னத்தை உப்பிக்கொண்டு மூக்கால் சிரிக்கப் பார்த்தார். அதில் அவருக்குப் புரையேறிவிட்டது. இருமினார், வாய் பிளந்தது. எதிரே நின்ற செண்பகம் அவர் நாக்கைப் பார்த்தாள். நாவல்பழம் தின்றதுபோல் நீலமாக இருந்தது.

அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மூடியிருந்த வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மதுரைக் கண் ஆஸ்பத்திரி, வக்கீல், தீர்ந்துபோன நீலப்பொடி, எவனும் தின்னாத நீல லட்டு. அடப் பாவிகளா, வீட்டுக்கு வீடு வாசப்படியா? இதற்காகவா ஒருத்தன் கையை ஒடித்தீர்கள்?

அப்போதுதான் அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தக் கூட்டத்திலேயே ஒரே ஒரு மனுசன் தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலத் திறந்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவளுடைய அண்ணன். பல் வெள்ளையாக இருந்தது. நாக்கு கழுவி விட்டதுபோல் சுத்தமாக இருந்தது.

அப்படியானால் செண்பகம் பூசிக் கொடுத்த மாத்திரையை அவர் போடவில்லை. சபை, மரியாதை எதையும் பார்க்காமல் நேராகப் போய் அவர் முன்னால் மண்டியிட்டாள்.

“அண்ணே, நான் குடுத்தது எங்க?”

அவர் சிரிப்பை நிறுத்தாமல் குரலை மட்டும் இறக்கினார். “தெரியும் தாயி. சின்ன வயசுலயிருந்து தேங்காப்பூவுக்குக் கலர் போட்டு மிட்டாய்மேல தூவுறவன் நான். மிட்டாய்க் கலரு நாக்குல பட்டா எனக்குத் தெரியாதா? ஒருநா வெத்தலை போடாம இருந்தப்பத்தான் தெரிஞ்சுது, அன்னைக்கே நிறுத்திட்டேன். தெனம் ஒண்ணு சாக்கடையில போட்டேன், நீ மனசு சங்கடப்படக் கூடாதுன்னு.”

“அய்யோ, அண்ணே…”

“நெசமான நீலம்தான் இப்பவும் போட்டேன். இந்த மாதிரிப் பெரிய மனுசனை ஏமாத்தி எம் மகளைக் குடுக்கச் சொல்றியா? அந்தப் பாவம் அவ தலையிலல்லா வி… விடி…”

சொல் முடியவில்லை. உதட்டின் வலது ஓரம் தொங்கியது. கையிலிருந்த தம்ளர் நழுவி உருண்டது. அதை எடுக்க நினைத்தவர்போல் குனிந்தார். வலது கை எழவில்லை. அப்படியே அவள் மடியில் சாய்ந்தார். அப்பாவின் முகம் கோணிய அதே பக்கம்.

யாரோ கத்தினார்கள். மகிழினி பட்டுப்புடவை தடுக்கத் தடுக்க ஓடிவந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே ஆம்புலன்ஸ் நிற்பது வழக்கம் என்பதால் சீக்கிரம் வந்துவிட்டது. பச்சைச் சட்டை போட்ட மருத்துவ உதவியாளர் பிரஷரை அளந்துவிட்டு, வெயிலுமுத்துவின் கட்டைவிரலைக் கருவியில் வைத்து அவருடைய பதிவைப் பார்த்தார்.

“ஸ்ட்ரோக்குதான். பிரஷர் எகிறி நிக்குது. இப்பவே ஊசி போட்டு எறக்கணும், ஆஸ்பத்திரி போற வரைக்கும் தாங்காது. கம்ப்யூட்டர்ல நீலம்னு இருக்கு.” ஊசி மருந்துக்கும் அதே நிறங்கள்தான். நீல ஊசியை எடுத்தார்.

“நீலம் போடாதீக!” செண்பகம் அவர் கையைப் பிடித்தாள். “அவருக்கு நீலம் கேக்காது. பச்சை போடுங்க.”

மண்டபம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது.

“ஏட்டி, என்ன பேச்சுப் பேசுற சபையில?” தங்கபுஷ்பம் மதினி பதறிப்போய் அவள் தோளை உலுக்கினாள். கண் முழுக்கச் சம்பந்தி வீட்டார் பக்கம்தான் இருந்தது. “அவுக பரம்பரையே நீலம் தம்பி. நீங்க போடுங்க.”

“மதினி, நான்தான் சோதிச்சேன். ரெண்டு தடவை பச்சை வந்துச்சு. அண்ணன் கெஞ்சுனதுக்காக நான்தான் பதியாம விட்டேன். அது என் தப்பு. என் வேலை போகட்டும், ஜெயிலுக்கு அனுப்பட்டும். இப்ப பச்சை போடுங்க!”

உதவியாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “பதிவுல இல்லாததை நான் போட முடியாதும்மா. தப்பான ஊசின்னா உயிருக்கே ஆபத்து. பேஷன்ட் சம்மதிக்கணும், வாயால இல்லாட்டி ஜாடையாவது காட்டணும்.”

“அண்ணே, பச்சைன்னு காட்டுங்க அண்ணே! ஒரு கண்ணை மூடித் தெறங்க, போதும்.”

வெயிலுமுத்துவுக்கு நினைவு இருந்தது. அதுதான் கொடுமை. அவர் தங்கையைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார், பிறகு எதிரே நின்ற கோமதிநாயகத்தைப் பார்த்தார். கண்ணை அசைக்காமல் விறைப்பாகத் திறந்தே வைத்திருந்தார். செத்தாலும் சொல்ல மாட்டேன் என்கிற பார்வை அது. அந்தப் பிடிவாதத்தைச் செண்பகத்துக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும்.

அவள் திரும்பினாள். “சம்பந்தி” என்றாள்.  “எங்கண்ணன் உங்களை ஏமாத்தக் கூடாதுன்னு சாகக் கெடக்காரு. நீங்க வாயத் தெறங்க.”

கோமதிநாயகம் அசையவில்லை. அவர் பின்னால் அவருடைய பங்காளிகள், மில் கூட்டாளிகள், ஊர்ப் பெரியவர்கள் என்று ஒரு பெரிய கூட்டமே நின்றது. அவர் முகத்தில் வியர்வை அரும்பியது. ஒருதரம் வாசல் பக்கம் பார்த்தார். போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அவர் போகவில்லை. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் மண்டியிட்டார். வெயிலுமுத்துவின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தார். வாயைத் திறந்து நாக்கை நீட்டினார்.

“பாரும் சம்பந்தி” என்றார் பிறகு. கணீர்க் குரல் உடைந்திருந்தது. “நல்லாப் பாரும். எனக்கும் பச்சைதான்வே. ஒரு வருசமாப் பூசித்தான் போடுறேன். எம் பொஞ்சாதிக்குக்கூடத் தெரியாது. நீரு யாருக்காகச் சாகுதீரு?”

பின்னாலிருந்த பெரியவர்களில் வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. மூடிய உதடுகளோடு அப்படியே நின்றார்கள்.

வெயிலுமுத்து அந்த நீல நாக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவருடைய இடது கை மெல்ல நகர்ந்தது. தரையைத் தடவி, கவிழ்ந்து கிடந்த வெற்றிலைத் தட்டைத் தொட்டது. ஒரு வெற்றிலையை விரல்களுக்கிடையில் இடுக்கி எடுத்து, அத்தனை பேரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தது.

“பச்சை” என்றாள் செண்பகம். “பாத்தீகள்ல? பச்சைங்காரு!”

உதவியாளர் பச்சை ஊசியை எடுத்தார். அது செயலற்றுக் கிடந்த வலது கைக்குள் இறங்கியது. உங்களை ஏன் தவிக்க விட வேண்டும்? அவர் பிழைத்துக்கொண்டார். பேச்சு பாதிதான் திரும்பியது, வலது கை திரும்பவே இல்லை. பதியாமல் விட்டதற்குச் செண்பகத்தின் வேலை போனது. சொர்ணத்தின் புருசன் இப்போது பச்சை பூசாமலே நீலம் போடுகிறான். யாரும் அவனை ஒன்றும் கேட்பதில்லை.

ஆனால் அந்த நேரத்தில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. ஊசி இறங்கிய பிறகும் வெயிலுமுத்து வெற்றிலையைக் கீழே போடவில்லை. அந்தக் கையை நடுங்க நடுங்கக் கோமதிநாயகத்தின் பக்கம் நீட்டினார். என்ன கேட்கிறார் என்று முதலில் மதினிக்குத்தான் புரிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இடது கையால் தாம்பூலம் கொடுப்பது எங்கேயும் வழக்கமில்லை. கோமதிநாயகம் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.